அண்ணனைப் பார்த்துக்கொள்வதற்காகவே வளர்ந்தேன். இனி நான் யார்?

திருச்சிப் பக்கம் வளர்ந்து இப்போது கோவையில் வங்கி வேலையில் இருக்கும் 29 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அண்ணனுக்கு வயது 34. டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும் நிலை) உள்ளவர். அப்பா ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகள் இவர்கள் இருவர்தான். வாசகிக்கு எட்டு வயதானபோது அண்ணனுக்குச் சளி முற்றி நிமோனியாவாகி, ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இவரை எதிர்வீட்டு அத்தையிடம் விட்டிருந்தார்கள். அந்த ஒரு மாதமும் இவர் அழவில்லையாம். “எவ்ளோ சமத்து பாரு” என்று தெருவே மெச்சியதாம். “அன்றிலிருந்து நான் அழுததை யாரும் பார்த்ததில்லை” என்று எழுதியிருக்கிறார்.

“எனக்குக் கோபமே வராது என்று ஆபீஸில் சொல்வார்கள். வராமல் இல்லை. வந்தால் அதை என்ன செய்வது என்று தெரியாது. மேனேஜர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் முகத்தைப் பார்த்து, என்ன வேண்டும் என்று கண்டுபிடித்துவிடுவேன். தோழிகளோடு ஹோட்டலுக்குப் போனால், எல்லோரும் சொல்லி முடித்தபின், ‘எது மிச்சமாகுதோ அதைச் சாப்பிட்டுக்கறேன்’ என்பேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று நிஜமாகவே தெரியவில்லை.”

போன மாதம் ஒரு வரன் வந்திருக்கிறது. பையனுக்கும் இவருக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் பெண் பார்க்க வந்த அன்று, அண்ணனை மணப்பாறையில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ‘பையன் வெளியூரில் இருக்கான்’ என்று அம்மா சொல்லியிருக்கிறார். விருந்தாளி வருகிறார்கள் என்று முதல் நாளே புதுச் சட்டையை எடுத்து வைத்திருந்த அண்ணன், அதைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறியிருக்கிறார். அன்றிலிருந்து வாசகிக்குச் சரியான தூக்கம் இல்லை. இதற்கு நடுவில் அப்பா, “வீட்டை உன் பேருக்கே எழுதிடறேன், அவனை மட்டும் பாத்துக்கோ” என்கிறார்.

அவர் கேட்பவை இவை: என் குணம் இப்படி ஆனதற்கு அண்ணன்தான் காரணமா? இனி மாற முடியுமா? அண்ணனுக்கு நான்தான் காப்பாளராக வேண்டும் என்பது சட்டமா? எனக்குப் பிறக்கும் குழந்தைக்கும் அப்படி வருமா? வரன் வீட்டில் சொல்ல வேண்டுமா? கடைசியாக, தனியாக ஒரு வரி: “பன்னிரண்டு வயதில் ஒருநாள், இவன் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நான் கெட்டவளா?”

அன்புள்ள வாசகிக்கு,

கடைசி வரியில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விகளுக்குள்ளும் அதுதான் இருக்கிறது. இல்லை, நீங்கள் கெட்டவர் இல்லை. உடன்பிறந்தவரோடு வளரும் பிள்ளைகளில் ஒருமுறையாவது அப்படி நினைக்காதவர்கள் அபூர்வம். மற்ற வீடுகளில் அது சண்டையாக வெளியே வந்து, பத்து நிமிடத்தில் மறந்துபோகும். “போடா, உன்கூட டூ” என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் இருவரும் ஒரே தட்டில் முறுக்குத் தின்பார்கள். உங்கள் வீட்டில் அந்தச் சண்டைக்கு இடமில்லை. அண்ணனை அடிக்க முடியாது, அவர் மேல் புகார் சொல்ல முடியாது. அதனால் ஒரு நிமிடத்து நினைப்பு பதினேழு வருடம் குற்ற உணர்ச்சியாக உங்களிடம் தங்கிவிட்டது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அம்மாவின் கவனம் தேவைப்பட்டது. அது கிடைக்காத வருத்தம்தான் அந்த நினைப்பு. அண்ணன் மேல் வெறுப்பு இருந்திருந்தால், பெண் பார்க்க வந்த நாளில் நடந்தது உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்காது.

அண்ணன் காரணமா, அண்ணனைச் சுற்றி இருந்த மௌனம் காரணமா?

உடன்பிறந்தவர்கள் நம் குணத்தை உருவாக்குகிறார்கள் என்பது பொதுவாக எல்லோரும் நம்புவது. மூத்தது என்றால் பொறுப்பு, நடுவில் பிறந்தது பிடிவாதம், கடைக்குட்டி செல்லம் என்று நம் வீடுகளில் சொல்லாதவர்கள் இல்லை. வியன்னாவில் ஆல்ஃபிரட் ஆட்லர் என்ற உளவியலாளர் நூறு வருடத்துக்கு முன்பு இதைக் கோட்பாடாகவே முன்வைத்தார். ஆனால் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய 3 நாடுகளைச் சேர்ந்த 20,000-க்கும் அதிகமானவர்களின் தகவல்களை வைத்து 2015இல் வெளியான ஆய்வில், பிறந்த வரிசைக்கும் ஒருவர் கலகலப்பானவரா, பொறுப்பானவரா, அனுசரிப்பவரா என்பதற்கும் தொடர்பு கிடைக்கவில்லை. அறிவுத்திறன் மதிப்பெண்ணில் மட்டும் மூத்தவர்களுக்கு மிகச் சிறிய கூடுதல் இருந்தது.

அந்தச் சிறிய கூடுதலைப் பற்றி நார்வேயில் 2007இல் வந்த ஆய்வு உங்கள் கதைக்கு நெருக்கமானது. ராணுவத் தேர்வுக்கு வந்த சுமார் 2,40,000 இளைஞர்களின் மதிப்பெண்களைப் பார்த்தார்கள். இரண்டாவதாகப் பிறந்து, மூத்த குழந்தை சிறு வயதிலேயே இறந்துபோனதால் வீட்டில் மூத்தவராக வளர்ந்தவர்கள், மூத்தவர்களைப் போலவே மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். அதாவது எத்தனாவதாகப் பிறந்தோம் என்பதைவிட, வீடு நம்மை எந்த இடத்தில் வைத்து வளர்த்தது என்பதுதான் வேலை செய்கிறது.

நீங்கள் பிறப்பால் இளையவர், வளர்ப்பால் மூத்தவர். ஐந்து ஆறு வயதிலேயே பேச்சிலும் எழுத்திலும் அண்ணனைத் தாண்டியிருப்பீர்கள். தங்கையாக இருந்தவர் அக்காவாக மாறும் இந்த இடமாற்றத்தை அமெரிக்கச் சமூகவியலாளர் பெர்னார்ட் ஃபார்பர் 1950களின் இறுதியிலேயே, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் குடும்பங்களில் கவனித்து எழுதினார். நானும் சிறப்புப் பள்ளிக் குடும்பங்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். இந்த இடமாற்றம் தன்னளவில் பிள்ளையைப் பாதிப்பதில்லை. யாரும் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதுதான் பாதிக்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், பெற்றோர் ஒரு பிள்ளையிடம் அதிக நேரம் செலவிட்டால் இன்னொரு பிள்ளை கட்டாயம் காயப்படும் என்பது சரியல்ல. வளரிளம் பருவத்தைத் தொடும் பிள்ளைகளிடம் இதைக் கேட்ட ஓர் ஆய்வு 1997இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பெற்றோர் வித்தியாசமாக நடத்துகிறார்கள் என்று சொன்ன பிள்ளைகளில் பெரும்பாலோர் அதை அநியாயம் என்று சொல்லவில்லை. அவனுக்கு அது தேவை, எனக்கு இது தேவை என்று காரணம் புரிந்தவர்கள் அதைத் தாங்கிக்கொண்டார்கள். உங்களுக்கு அந்தக் காரணத்தை யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. எட்டு வயதில் எதிர்வீட்டில் விடப்பட்டபோது, “அண்ணன் பொழைச்சு வந்துடுவான், உன்னையும் நாங்க மறக்கலை” என்று ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கிடைத்தது “சமத்து” என்ற பாராட்டு மட்டும். பாராட்டு எதற்குக் கிடைத்ததோ அதையே தொடர்ந்து செய்தீர்கள். அழாமல் இருந்தீர்கள், கேட்காமல் இருந்தீர்கள், அடுத்தவர் முகம் பார்த்து நடந்தீர்கள். இன்று மேனேஜர் முகத்தைப் படிப்பது அன்று அம்மாவின் முகத்தைப் படித்துப் பழகியதுதான்.

இதில் உங்கள் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையைப் பெற்ற தாயை, 1990களின் தொடக்கத்தில், நம் ஊரில் எப்படியெல்லாம் பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாள் என்று உங்கள் பாட்டி சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பேசினால் பழி தன் மேல் வரும் என்று பயந்து வாயடைத்துப்போன பெண் உங்கள் அம்மா. மறைப்பது அவருக்கு அப்போதே பழகிவிட்டது.

அண்ணனிடமிருந்து நேராக உங்களுக்கு வந்தவையும் உண்டு. அவற்றைத் தனியே எடுத்துப் பாருங்கள். தினமும் இரவு எட்டரைக்கு அவர் போன் செய்து, வீட்டில் தோசையா இட்லியா என்று சொல்லிவிட்டு வைப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஒரு வாக்கியத்தை முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தாலும் குறுக்கே பேசாமல் கேட்பீர்களாம். வங்கிக்கு வரும் முதியவர்கள் உங்கள் கவுண்டரையே தேடி வருகிறார்கள் என்கிறீர்களே, அந்தப் பொறுமை அண்ணன் கொடுத்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களோடு பிறந்த 822 பேரிடம் பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவர் பிரையன் ஸ்கோட்கோ குழுவினர் கேட்டு 2011இல் வெளியிட்ட ஆய்வில், 100க்கு 96 பேருக்கு மேல் பாசம் இருப்பதாகச் சொன்னார்கள். 88 பேர், இவரால்தான் நான் இன்னும் நல்ல மனிதனானேன் என்றார்கள். டவுன் சிண்ட்ரோம் அமைப்புகளோடு தொடர்பில் இருந்த அமெரிக்கக் குடும்பங்களின் பதில் அது என்பதால் நம் ஊருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ‘பாவம், அவள் வாழ்க்கையே போச்சு’ என்று உறவினர்கள் பேசும் பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல அது போதும்.

மாற முடியுமா?

முடியும். ஆனால் ‘இனிமேல் நான் சுயநலமாக இருக்கப்போகிறேன்’ என்ற தீர்மானமெல்லாம் வேண்டாம். உங்களைப் போன்றவர்களால் அதை இரண்டு நாள்கூடக் காப்பாற்ற முடியாது, அப்புறம் அதற்கும் ஒரு குற்ற உணர்ச்சி சேரும். நஷ்டம் குறைவான இடத்தில் தொடங்குங்கள். அடுத்த முறை ஹோட்டலில் முதல் ஆளாக ஆர்டர் சொல்லுங்கள். எது பிடிக்கும் என்று தெரியாவிட்டாலும் ஏதோ ஒன்றைச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான். ஆபீஸில் யாராவது வேலையைத் தள்ளிவிட வரும்போது, உடனே சரி என்று சொல்லாமல், “பார்த்துட்டு மத்தியானம் சொல்றேன்” என்று மட்டும் சொல்லிப் பழகுங்கள். முடியாது என்று சொல்வதற்கு முன்னால் கற்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான். முதல் சில வாரங்கள் நெஞ்சு படபடக்கும். எதிராளி கோபித்துக்கொள்வார் என்று தோன்றும். பெரும்பாலும் அவர்கள் சரி என்று போய்விடுவார்கள். அதை நீங்கள் கண்ணால் பார்க்கும்போதுதான் உள்ளே இருக்கும் பழக்கம் தளரும்.

ஒரு மாதமாகத் தூக்கம் சரியில்லை என்கிறீர்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால் கோவையில் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

காப்பாளர் பொறுப்பு

இங்கே உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 18 வயது ஆனபிறகு, அறிவுசார் குறைபாடு உள்ள மகனுக்குக்கூடப் பெற்றோர் தானாகவே சட்டபூர்வக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துத்தான் காப்பாளர் நியமனம் பெற வேண்டும். உங்கள் அண்ணனுக்கு 34 வயது. இதுவரை யாரும் விண்ணப்பிக்கவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. முதலில் பெற்றோர் தங்கள் பெயரில் நியமனம் வாங்கட்டும். விவரங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

பெற்றோர் காலத்துக்குப் பிறகு நீங்கள்தான் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வயதான பெற்றோரைப் பராமரிக்கும்படி பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உடன்பிறந்தவருக்கு அதுபோல ஒன்று இல்லை. உங்கள் ஒப்புதல் இல்லாமல் உங்களைக் காப்பாளர் ஆக்கவும் முடியாது. ஒப்புக்கொண்டால் அது வெறும் பட்டம் அல்ல: நியமனமான 6 மாதத்துக்குள் அவருடைய சொத்து, கடன் பட்டியலைக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும் கணக்குக் கொடுக்க வேண்டும், கவனிக்காமல் விட்டால் நீக்கவும் முடியும்.

நீங்கள் பிரித்துப் பார்க்காத ஒன்று உண்டு. காப்பாளராக இருப்பது வேறு, தினமும் குளிப்பாட்டிச் சோறு போடுவது வேறு. கையெழுத்தும் கணக்கும் முடிவும் உங்களிடம் இருக்கலாம். அண்ணன் உங்களுக்குப் பக்கத்தில் ஒரு குழு இல்லத்திலோ, பெரியம்மா மகன் வீட்டுக்கு அருகில் உதவியாளரோடோ இருக்கலாம். இல்லம் பார்ப்பதென்றால் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். இரவில் எத்தனை பேருக்கு ஒரு ஆள் என்று கேளுங்கள். பதிலுக்குத் தடுமாறினால் அடுத்த இடம் பாருங்கள்.

உடல்நலத்தில் ஒரு விஷயம் இப்போதே தெரிந்திருக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21ஆவது குரோமோசோம் கூடுதலாக இருக்கிறது. அல்சைமர் நோயோடு தொடர்புடைய ஒரு மரபணு அதே குரோமோசோமில்தான் இருக்கிறது. அதனால் அவர்களுக்கு மறதி நோய் மற்றவர்களைவிட வெகு சீக்கிரம், நாற்பதுகளின் பிற்பகுதியிலோ ஐம்பதுகளிலோகூடத் தொடங்கலாம். அண்ணனுக்கு அந்த வயது வரும்போது உங்கள் பெற்றோரும் தள்ளாத வயதில் இருப்பார்கள். மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் ஆள் தேவைப்படும் காலம் வரக்கூடும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ‘நான் ஒருத்தியே பார்த்துக்கொள்வேன்’ என்பது நடைமுறையில் நிற்காது என்பதற்காகச் சொல்கிறேன். இப்போதைக்கு வருடம் ஒருமுறை தைராய்டு, காது, கண் பரிசோதனை செய்யுங்கள். பலத்த குறட்டை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். திடீரென்று மந்தமானால் மறதி நோய் என்று முடிவு கட்டாதீர்கள்; அது தைராய்டாகவும் இருக்கலாம், அப்படியானால் மாத்திரையில் சரியாகும்.

வீட்டை உங்கள் பெயருக்கு எழுதினால்

அப்பா பாசத்தில் சொல்கிறார். ஆனால் அண்ணனுக்கு இதைவிட ஆபத்தான ஏற்பாடு இல்லை. செட்டில்மெண்ட் பத்திரம் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுப்பது) மூலம் உங்களுக்கு வந்த வீடு, நீங்கள் உயில் எழுதாமல் இறந்துபோனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அண்ணனுக்கு அதில் ஒரு செங்கல்கூடப் பாத்தியம் இருக்காது. நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய கூரை உங்கள் ஆயுளோடு கட்டப்பட்டுவிடும்.

குறைபாடு இருப்பதால் அவருக்குச் சொத்துரிமை இல்லை என்று உறவினர் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. நோயோ உடல் மனக் குறைபாடோ காரணமாக யாருடைய வாரிசுரிமையும் பறிபோகாது என்று அதே சட்டத்தின் 28ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அப்பா உயில் எழுதாவிட்டால், அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சம பங்கு.

மாற்று வழிகள் உண்டு. அண்ணனின் நலனுக்காகத் தனி அறக்கட்டளை ஏற்படுத்தி, உங்களோடு இன்னும் இரண்டு பேரைப் பொறுப்பாளர்களாக வைக்கலாம். அல்லது உயிலில் அண்ணனுக்கு ஆயுள் முழுதும் குடியிருக்கும் உரிமையும் செலவுக்கான பணமும் ஒதுக்கி, அதன் பிறகு வீடு உங்களுக்கு என்று எழுதலாம். முதல் வழியில் செலவும் நிர்வாகமும் அதிகம், பாதுகாப்பும் அதிகம். இரண்டாவது எளிது, ஆனால் உயிலை நிறைவேற்றுபவர் நேர்மையானவராக இருக்க வேண்டும். எதுவானாலும் இந்தத் துறையில் பழகிய வழக்கறிஞரை வைத்து எழுதுங்கள்.

அப்பா ரயில்வே ஓய்வூதியர் என்பது உங்கள் குடும்பத்துக்குப் பெரிய பலம். சம்பாதிக்க முடியாத அளவுக்குக் குறைபாடு உள்ள பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுதும் கிடைக்கும். அப்பா இருக்கும்போதே, மருத்துவச் சான்றிதழோடு அண்ணன் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பெற்றோர் மறைவுக்குப் பிறகு இதற்காக அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்னாலேயே செய்தவர்களுக்கு அந்த அலைச்சல் பெரும்பாலும் மிச்சமாகிவிடுகிறது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டிலும் சேர்த்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவும், சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள்.

உங்கள் குழந்தைக்கு வருமா?

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் 100க்கு சுமார் 95 பேருக்கு அது பரம்பரையாக வந்ததல்ல. கருவாகும்போது குரோமோசோம் பிரிவதில் நேரும் தற்செயல் அது. கிரகணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை; அம்மா செய்த எதற்கும் தொடர்பில்லை. இதை அம்மாவிடமும் சொல்லுங்கள். 34 வருடமாக அவருக்கு யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம். 100இல் 3, 4 பேருக்கு மட்டும் ஒரு குரோமோசோம் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்ட வகை. அதில் சிலருக்குத்தான் பெற்றோரில் ஒருவர் வழியாக வந்திருக்கும். அப்படியானால் உடன்பிறந்தவரும் அதைச் சுமக்க வாய்ப்புண்டு.

எனவே செய்ய வேண்டியது ஒன்றுதான். அண்ணனின் பழைய குரோமோசோம் பரிசோதனை அறிக்கையைத் தேடுங்கள். இல்லையென்றால் அவருக்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். முதல் வகை என்று வந்தால், உங்கள் வயதில் உள்ள மற்றப் பெண்களுக்கு இருக்கும் வாய்ப்புதான் உங்களுக்கும். 30 வயதில் அது ஏறக்குறைய 900 பிரசவத்தில் ஒன்று. ஒட்டிய வகை என்றால் மட்டும் நீங்களும் பரிசோதித்துக்கொண்டு, மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்.

வரன் வீட்டில் சொல்வது

சொல்லுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால், நீங்களே, அந்தப் பையனிடம் நேராக. தரகர் வழியாகவோ அம்மா வழியாகவோ போனால் அது ‘குறை’யாகத்தான் போய்ச் சேரும்.

சொன்னால் வரன் கைநழுவிப் போகலாம் என்ற அம்மாவின் பயம் வெறும் பயம் இல்லை. நம் ஊரில் அப்படிப் போன வரன்கள் உண்டு. அந்த வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மறைத்தால் என்ன ஆகும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்யாணத்தன்று அண்ணனை எங்கே அனுப்புவீர்கள்? தலை தீபாவளிக்கு? இரவு எட்டரை போனை எந்த அறைக்குள் போய் எடுப்பீர்கள்? முகம் பார்த்து நடக்கும் பழக்கத்தை விடப் போராடும் நீங்கள், அதையே மூலதனமாக வைத்து ஒரு வாழ்க்கையைத் தொடங்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அது ஆகாது.

பேசும்போது மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். “எனக்கு ஒரு அண்ணன் இருக்கான். டவுன் சிண்ட்ரோம். அன்னிக்கு வீட்ல இல்லைன்னு சொன்னது சரியில்லை, அதை நானே உங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சேன். அவன் என் வாழ்க்கைல எப்பவும் இருப்பான். எப்படின்னு இன்னும் நாங்க முடிவு பண்ணலை” என்ற அளவு போதும். ‘அவனால உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு. அவர் உடனே பெருந்தன்மையாகப் பேசுகிறாரா என்று பார்க்காதீர்கள். அண்ணனைப் பற்றிக் கேள்வி கேட்கிறாரா, பேர் என்ன, என்ன பிடிக்கும், எப்போது பார்க்கலாம் என்று விசாரிக்கிறாரா என்று பாருங்கள். யோசிக்க நாள் கேட்டாலும் தப்பில்லை. தன் வீட்டில் சொல்ல வேண்டாம், நமக்குள் இருக்கட்டும் என்றால், அந்த இடத்தில் நீங்கள் நிதானிக்க வேண்டும்.

பெற்றோரோடு பேசும் நாள்

இவ்வளவையும் ஒரே மூச்சில் போனில் கொட்டாதீர்கள். ஊருக்குப் போகும் ஒரு சனிக்கிழமை, முதலில் அப்பாவிடம் ஓய்வூதிய ஆணையையும் அண்ணனின் அடையாள அட்டையையும் எடுத்து வைக்கச் சொல்லித் தொடங்குங்கள். காகிதத்தை முன்னே வைத்துப் பேசும்போது அப்பாக்களுக்குப் பேச்சு வரும். அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். எட்டு வயதில் எதிர்வீட்டில் இருந்த ஒரு மாதத்தைப் பற்றியும், முடிந்தால், சொல்லுங்கள். “ஏன் அப்படிப் பண்ணீங்க” என்று கேட்காமல், “எனக்கு அப்போ பயமா இருந்துச்சும்மா” என்று சொல்லிப் பாருங்கள்.

வீட்டைப் பற்றியும் அவர் எங்கே இருப்பது என்பதைப் பற்றியும் பேசும்போது அண்ணனும் கூட உட்காரட்டும். அவர் 34 வயது ஆண். ஆறு பக்கக் கடிதத்தில் அவருக்கு என்ன விருப்பம் என்பது மட்டும் எங்கும் இல்லை. யாரோடு இருக்கப் பிடிக்கும், திருச்சியா கோவையா, தனி அறை வேண்டுமா, பகலில் என்ன வேலை செய்யப் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாக, சின்னச் சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். பதில் வர நேரமாகும். காத்திருக்க உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த வருடம் மறுபடி கேளுங்கள், பதில் மாறியிருக்கலாம்.